கைத்துப்பாக்கி ஏன் நின்றது?

"இதழுக்கு ஒரு கட்டுரை கொடு" என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்றேன். "உனக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி" என்றார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, அப்பாவின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள். மற்றொன்று, சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழகச் சுடும் கழகத்தில் நான் பயிற்சி செய்யும் 22 கைத்துப்பாக்கி. இரண்டும் அடிக்கடி நின்றுபோகும். ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் முறையும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்த எனக்கு, துப்பாக்கி என்றால் சினிமாவில் பார்த்ததுதான். சினிமாவில் கதாநாயகனின் துப்பாக்கி நிற்பதே இல்லை. நின்றால் வில்லனுடையதுதான் நிற்கும்! உண்மையில் துப்பாக்கியும் ஓர் இயந்திரம்தான். அழுக்குச் சேர்ந்தால் நிற்கும். பொருந்தாத தோட்டாவைப் போட்டாலும் நிற்கும்.

முன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் துப்பாக்கி விளையாட்டுப் பொருளன்று. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டமும் மிகக் கடுமையானவை. எங்கள் கழகத்தில் துப்பாக்கியும் தோட்டாவும் மாணவர் கைக்குச் சொந்தமாக வருவதில்லை. பயிற்றுநர் எண்ணிக் கொடுப்பார். சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை எண்ணி வாங்கிக்கொள்வார். கீழே வருபவை யாவும் அவர் பக்கத்தில் நிற்கக் கற்றுக்கொண்டவை.

தோட்டாவும் இயந்திரத்தின் ஓர் உறுப்பே

நாங்கள் பயன்படுத்துவது 22 லாங் ரைபிள் என்ற தோட்டா. 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, முன்னால் ஈயக் குண்டு. குண்டின் வழக்கமான எடை 40 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம். கூட்டின் அடியில் ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புக்கு உள்ளேதான் தீப்பற்றும் கலவை பூசப்பட்டிருக்கிறது. ஊசி விளிம்பைத் தட்டினால் கலவை பற்றி, மருந்து எரிந்து, குண்டு புறப்படும்.

அதன் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். குண்டை முன்னே தள்ளும் அதே வாயு, காலிக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. கூடு போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் பின்னால் போகும்போது கொக்கி காலிக் கூட்டை இழுத்து வர, அது தட்டியில் மோதி வெளியே தெறிக்கிறது. ஸ்பிரிங் அமுங்கித் திரும்பும்போது, போல்ட் மேகசினில் மேலே உள்ள தோட்டாவை முன்னே தள்ளுகிறது. தோட்டாவின் முனை சாய்தளத்தில் ஏறி அறைக்குள் நுழைகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இத்தனை வேலைக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. சுட்ட தோட்டாவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஆகவே தோட்டா மாறினால் இயந்திரமே மாறியது போலத்தான். கைப்பிடி போல்ட் உள்ள ரைபிளுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே போல்ட்டை இழுப்பது சுடுபவரின் கை. மெல்லிய தோட்டாவானாலும் வேகத் தோட்டாவானாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

22 தோட்டாவில் மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும். போட்டிக்குரிய சாதாரண வகை வினாடிக்கு ஏறத்தாழ 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் செல்லும். வேக வகை 370 மீட்டருக்கும் மேலே போகும். ஓசை குறைய வேண்டும் என்று மருந்தைக் குறைத்துச் செய்த வகையில் 220 மீட்டரை ஒட்டியவையும் உண்டு. இவை ரைபிள் குழலில் அளந்த வேகங்கள். கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் இன்னும் குறையும். போட்டிக் கைத்துப்பாக்கியின் ஸ்பிரிங் சாதாரண வகைக்கு ஏற்றபடி அமைந்தது. மெல்லியதைப் போட்டால் போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும். வேகமானதைப் போட்டால் போல்ட் பின்னால் போய் ஓங்கி இடிக்கும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே உயர்த்துவதற்குள் திரும்பியும் வந்துவிடலாம்.

தோட்டா மாறினால் துப்பாக்கியே மாற வேண்டியிருக்கும் என்பதற்கு ஒலிம்பிக்கிலேயே சான்று உண்டு. ஆண்களுக்கான 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை 22 ஷார்ட் என்ற சிறிய தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். 2005 முதல் விதி மாறி லாங் ரைபிள் வந்தது. பழைய துப்பாக்கிகளை ஓரமாக வைத்துவிட்டு வீரர்கள் புதியவற்றுக்கு மாற வேண்டியதாயிற்று.

நின்ற விதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

துப்பாக்கி நின்றதும் முதல் வேலை, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு விரலை விசையிலிருந்து எடுப்பது. இரண்டாவது வேலை, பார்ப்பது. இழுத்துத் துடைத்துவிட்டால் சாட்சியை அழித்தது போல ஆகிவிடும்.

காலிக் கூடு வெளியேறாமல் வாயிலில் சிக்கி நின்றால், போல்ட் முழுத் தூரம் போகவில்லை என்று பொருள். தோட்டா மெல்லியதாக இருக்கலாம். கொக்கியில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்திருக்கலாம்.

புதிய தோட்டாவின் முனை சாய்தளத்தில் குத்தி நின்றால், முதலில் மேகசினைச் சந்தேகியுங்கள். அதன் உதடு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், முழுதாகச் செருகாமல் இருந்திருக்கலாம். தோட்டாவை அடுக்கியதிலும் தவறு நேரும். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டிக்கொண்டால் கீழ்த் தோட்டா மேல் தோட்டாவைப் போக விடாது.

போல்ட் முழுதாக மூடாமல் நூலளவு இடைவெளி தெரிந்தால், அறையைப் பாருங்கள். இந்த ஈயக் குண்டுக்கு வெளியே மெழுகு பூசியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் மெழுகு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கரியும் மெழுகும் சேர்ந்து அறைக்குள் வளையம் கட்டிவிடும்.

"டிக்" என்ற ஓசை மட்டும் கேட்டு வெடிக்காவிட்டால், அவசரப்படாதீர்கள். மருந்து தாமதித்து வெடிப்பதும் உண்டு. எங்கள் கழகத்தில் குழல் இலக்கை நோக்கியபடி 30 வினாடி எண்ணுவோம். பிறகு பயிற்றுநர் தோட்டாவை எடுத்து விளிம்பைப் பார்ப்பார். ஊசித் தழும்பு ஆழமாக இருந்தால் குற்றம் தோட்டாவுடையது. கலவை அந்த இடத்தில் சரியாகப் பரவவில்லை. தழும்பு மெல்லியதாக இருந்தால் குற்றம் துப்பாக்கியுடையது.

கடைசி வகைதான் ஆபத்தானது. அதை என் அனுபவமாகவே சொல்கிறேன்.

அந்த ஒரு சனிக்கிழமை

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. என் துப்பாக்கி அடிக்கடி நின்றது. "பொண்ணுங்க மணிக்கட்டு அப்படித்தான் லா" என்றான் உடன் பயிலும் நண்பன் ஒருவன். முதலில் கோபம் வந்தது. நாளடைவில் நானே நம்பத் தொடங்கிவிட்டேன். நின்றால் வேகமாக இழுத்துவிட்டுச் சுடுவதில் தேர்ச்சி பெற்றேன். அதைத் திறமை என்றே நினைத்தேன்.

அன்று ஒரு பழைய மைலோ டின்னில் கிடந்த மிச்சத் தோட்டாக்களைப் பயிற்சிக்கு எடுத்திருந்தோம். மூன்றாவது குண்டுக்கு "பட்" என்று மெல்லிய ஓசை கேட்டது. போல்ட் அசையவில்லை. வழக்கம்போல் நின்றுவிட்டது என்று நினைத்துப் போல்ட்டை இழுத்தேன். காலிக் கூடு விழுந்தது, புதிய தோட்டா ஏறியது. விரலை விசைக்குக் கொண்டுபோனேன்.

"ஸ்டாப்!"

பக்கத்துத் தடத்திலிருந்த மூன்றாம் ஆண்டு அக்காதான் கத்தினார். ஓசை வேறுபட்டதை அவர் காது பிடித்துவிட்டது. பயிற்றுநர் வந்து துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியைக் குழலுக்குள் விட்டார். கம்பி பாதியில் நின்றது. முந்தைய குண்டு குழலுக்குள்ளேயே இருந்தது. நான் விசையை அழுத்தியிருந்தால் அடுத்த குண்டு அதன் மேல் போய் மோதியிருக்கும். குழல் புடைத்திருக்கும், வெடித்தும் இருக்கலாம். என் கையும் முகமும் அதற்குப் பின்னால் இருந்தன.

பயிற்றுநர் திட்டவில்லை. "எந்தப் பெட்டித் தோட்டா இது?" என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டின்னில் எல்லாம் கலந்து கிடந்தன. "அதுதான் முதல் தவறு" என்றார். அன்றே அந்த டின் ஒதுக்கப்பட்டது.

555 புத்தகம்

அடுத்த வாரம் பயிற்றுநர் என் கையில் ஒரு 555 புத்தகத்தைக் கொடுத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சிறிய புத்தகம்தான். எந்தப் பெட்டி, எந்த மேகசின், யார் சுட்டது, எத்தனையாவது குண்டு, எப்படி நின்றது என எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். மேகசின்களுக்கு 1, 2 என்று எண் ஒட்டினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது கட்டளை.

மூன்று சனிக்கிழமைகளில் கணக்கு இப்படி வந்தது. சாதாரண வகை, இரு மேகசினிலும் 50, 50: மொத்தம் 100 குண்டுக்கு ஒரே தடவை நின்றது, அதுவும் எண்பதுக்கு மேல், அறை அழுக்கானபோது. ரைபிள் பிரிவில் மிஞ்சிய மெல்லிய வகை, 50 குண்டு: 19 தடவை காலிக் கூடு சிக்கியது. அதே வகையில் இன்னும் 50 குண்டை, "மணிக்கட்டு" என்று சொன்ன அதே நண்பனைச் சுடச் சொன்னோம். அவனுக்கு 17 தடவை! முன்பும் அவனுக்கு நின்றிருக்கிறது. யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். எனக்கு நின்றது மட்டுமே எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது.

வேக வகையில் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய பாடம். அதன் குண்டு முனையில் குழி உண்டு. முதல் மேகசினில் 25 சுட்டேன், ஒன்றும் நிற்கவில்லை. இரண்டாவது மேகசினில் 25 சுட்டேன். 6 தடவை முனை குத்தி நின்றது. ஆனால் அதே இரண்டாவது மேகசினில் சாதாரணத் தோட்டா ஒழுங்காக ஓடியிருந்ததே! உற்றுப் பார்த்தபோது அதன் உதடு ஒரு பக்கம் இலேசாக வளைந்திருந்தது. யாரோ சிமெண்டுத் தரையில் போட்டிருக்க வேண்டும். அதனால் தோட்டாவின் முனை சற்றே தாழ்ந்தது. உருண்டை முனை அப்படியும் சாய்தளத்தில் வழுக்கி ஏறிவிட்டது. தட்டையான குழி முனை குத்திக்கொண்டது. மேகசின் மட்டும் குற்றவாளி அன்று, தோட்டா மட்டும் குற்றவாளி அன்று. இரண்டும் சேர்ந்தபோதுதான் துப்பாக்கி நின்றது. எழுதி வைக்காவிட்டால் இதை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

நோயைப் பார்த்து, அதன் மூலத்தைப் பார்த்து, அதற்குப் பிறகே மருந்துக்குப் போ என்று வள்ளுவர் வகுத்த வரிசையைத் தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது சுடும் திடலில்தான். அப்பாவும் இதையே வேறு விதமாகச் சொல்வார். கப்சாய் நின்றால் உதைத்துக்கொண்டே இருக்கமாட்டார். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், பிறகு பெட்ரோல், பிறகு காற்று வடிகட்டி. "எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எது கெட்டதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்பார்.

போட்டியில்

போட்டியில் ஒரே பெட்டியின் தோட்டாவைப் பயன்படுத்தினேன். பெண்களுக்கான 25 மீட்டர் போட்டியில் 60 குண்டுகள். பிந்திய 30இல் இலக்கு 3 வினாடி தோன்றி 7 வினாடி மறையும். அந்த விரைவுச் சுற்றில் ஒரு தடவை "டிக்" என்று நின்றது. பழைய பழக்கத்தில் இடது கை போல்ட் பக்கம் போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, குழலை இலக்குப் பக்கமே வைத்து, இடது கையை உயர்த்தினேன். நடுவர் வந்து பார்த்தார். ஊசித் தழும்பு ஆழமாக இருந்தது, குற்றம் தோட்டாவுடையது. விடுபட்ட குண்டுகளைச் சுட வாய்ப்புக் கிடைத்தது. நானே இழுத்திருந்தால் அந்த வாய்ப்பு போயிருக்கும், விதி அப்படி. பதக்கம் கிடைக்கவில்லை, பதினோராவது இடம்தான். ஆனால் பத்து விரல்களோடு இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் பலர் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை. ஆனால் மடிக்கணினி நிற்கும், ஆய்வுக்கூடக் கருவி நிற்கும், அப்பாவின் மோட்டார் நிற்கும். நின்றதும் கை தானாக இழுக்கப் போகும். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, எப்படி நின்றது என்று பாருங்கள். பார்த்ததை ஒரு 555 புத்தகத்தில் எழுதிவையுங்கள். விலை ஒன்றும் அதிகமில்லை.