கார்பன் நானோகுழாய் குவாண்டம் புள்ளிகளில் தற்சுழற்சிக் கடத்தல்

கார்பன் நானோகுழாய் குவாண்டம் புள்ளி என்பது ஒரு நானோகுழாயின் சிறு பகுதியில் இலத்திரன்களை அடைத்து வைத்திருக்கும் மின்னணுக் கருவி ஆகும். இதன் வழியே இலத்திரனின் மின்னூட்டம் மட்டுமன்றி அதன் தற்சுழற்சித் திசையும் ஒரு மின்வாயிலிருந்து மற்றொரு மின்வாய்க்குக் கொண்டு செல்லப்படுவதே தற்சுழற்சிக் கடத்தல் எனப்படுகிறது. தற்சுழற்சி மின்னணுவியல், குவாண்டம் கணிமை ஆகிய துறைகளில் இது ஆராயப்படுகிறது.

அமைப்பு

ஒற்றைச் சுவர் நானோகுழாயின் விட்டம் ஏறத்தாழ 1 நானோமீட்டர் ஆகும். சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோக மின்வாய்களைக் குழாயின் மீது படியவைத்தால், இடைப்பட்ட பகுதி குவாண்டம் புள்ளியாகச் செயல்படும். குழாய்க்கு அருகிலுள்ள வாயில் மின்வாயின் மின்னழுத்தத்தை மாற்றி, புள்ளியிலுள்ள இலத்திரன்களின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

புள்ளியின் மின்தேக்குத்திறன் மிகச் சிறியது. ஆகவே ஏற்கனவே உள்ள இலத்திரன்களின் விலக்கு விசையை மீறிப் புதிய இலத்திரன் நுழையக் குறிப்பிடத்தக்க ஆற்றல் தேவைப்படுகிறது. வெப்ப ஆற்றல் இதைவிடக் குறைவாக இருந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். இது கூலும் தடுப்பு எனப்படும். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 25 மில்லி இலத்திரன்வோல்ட், 4.2 கெல்வினில் அது 0.36 மில்லி இலத்திரன்வோல்ட் மட்டுமே. எனவேதான் இச்சோதனைகள் பெரும்பாலும் திரவ ஈலியத்தின் வெப்பநிலையிலோ அதற்குக் கீழோ செய்யப்படுகின்றன.

ஆற்றல் மட்டங்கள்

நானோகுழாயில் இலத்திரன் குழாயின் சுற்றளவை வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ சுற்றலாம். ஒவ்வொன்றிலும் தற்சுழற்சி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு கூட்டிலும் நான்கு இலத்திரன்கள் நிரம்புகின்றன. ஒற்றைப்படை எண்ணிக்கையில் இலத்திரன்கள் இருக்கும்போது புள்ளிக்கு நிகரத் தற்சுழற்சி அமைகிறது. மின்வாய்களுடனான பிணைப்பு வலுவாக இருந்தால் அது கொண்டோ விளைவை உண்டாக்கும். இதனை 2000-ஆம் ஆண்டில் கோபனேகன் ஆய்வாளர்கள் நானோகுழாயில் கண்டறிந்தனர்.

தற்சுழற்சி வால்வு

இரு மின்வாய்களையும் கோபால்ட்டு போன்ற ஃபெரோகாந்தப் பொருளால் அமைத்தால், உள்நுழையும் இலத்திரன்களில் ஒரு திசைத் தற்சுழற்சி மிகுந்திருக்கும். மின்வாய்களின் காந்தமாக்கல் இணையாக உள்ளபோதும் எதிரெதிராக உள்ளபோதும் மின்தடை வேறுபடுகிறது. இலத்திரன் தன் தற்சுழற்சியை இழக்காமல் மறுமுனையை அடைந்தால்தான் இந்த வேறுபாடு தோன்றும்.

1999-இல் சுகாகோசி, ஆல்ஃபனார், ஆகோ ஆகியோர் கோபால்ட்டு மின்வாய்கள் கொண்ட பல்சுவர் நானோகுழாயில் 4.2 கெல்வினில் 9 விழுக்காடு வரையான மின்தடை மாற்றத்தை அளந்தனர். தற்சுழற்சி குறைந்தது 130 நானோமீட்டர் தொலைவுக்குக் காக்கப்படுகிறது என மதிப்பிட்டனர். 2005-இல் பாசல் பல்கலைக்கழகக் குழு பல்லேடியம்-நிக்கல் மின்வாய்களைப் பயன்படுத்தியது. வாயில் மின்னழுத்தத்தை மாற்றும்போது காந்தமின்தடையின் அளவு மட்டுமன்றி அதன் குறியும் நேரிலிருந்து எதிராக மாறுவதை அக்குழு காட்டியது. காந்தப்புலத்தை மாற்றாமல் மின்புலத்தால் மட்டுமே தற்சுழற்சிக் குறிகையைக் கட்டுப்படுத்தலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

போலிக் குறிகைகள்

மின்தடை மாறியது என்பதாலேயே தற்சுழற்சி கடத்தப்பட்டது என்று முடிவுசெய்ய இயலாது. மின்வாயின் காந்தமாக்கல் திரும்பும்போது அதன் வேதியழுத்தம் சற்றே மாறும். அது புள்ளியின் மின்னூட்டத்தைப் பாதித்து மின்தடையை மாற்றும். இது காந்தக் கூலும் விளைவு எனப்படும். இதற்குத் தற்சுழற்சி குழாயைக் கடந்து செல்ல வேண்டியதே இல்லை.

இக்குழப்பத்தைத் தவிர்க்க நான்கு மின்வாய் முறை பயன்படுகிறது. இதில் மின்னோட்டம் ஒரு சோடி மின்வாய்களுக்கிடையே பாயும்; மின்னழுத்தம் மின்னோட்டம் பாயாத பகுதியில் வேறொரு சோடியால் அளக்கப்படும். 2006-இல் இம்முறையைக் கையாண்ட குரோனிங்கன் ஆய்வாளர்கள், தங்கள் கருவிகளில் வழக்கமான இரு மின்வாய் அளவீட்டில் தோன்றிய மாற்றங்களில் பெரும்பகுதி தற்சுழற்சித் திரட்சியுடன் தொடர்பற்றது என்று கண்டனர். ஆகவே இரு மின்வாய் முடிவுகளைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை தேவை.

தற்சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்பு

கார்பன் இலேசான தனிமம். எனவே அதில் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் இடையிலான பிணைப்பு புறக்கணிக்கத்தக்கது எனக் கருதப்பட்டுவந்தது. ஆனால் குழாயின் வளைவு இப்பிணைப்பை வலுப்படுத்துகிறது. 2008-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் இலத்திரன் கொண்ட புள்ளியில், நான்கு மட்டங்களும் காந்தப்புலம் இல்லாதபோதே இரண்டு இணைகளாகப் பிரிவதும், அவற்றின் இடைவெளி 0.37 மில்லி இலத்திரன்வோல்ட் என்பதும் அளக்கப்பட்டன. இது தற்சுழற்சியை மின்புலத்தால் இயக்க வழிதருகிறது. அதேவேளை குழாயின் அதிர்வுகள் தற்சுழற்சியைக் கலைக்கவும் இடமளிக்கிறது.

முக்கியத்துவம்

இயற்கைக் கார்பனில் ஏறத்தாழ 99 விழுக்காடு கார்பன்-12 ஆகும். அதன் அணுக்கருவுக்குத் தற்சுழற்சி இல்லை. காலியம் ஆர்சனைடில் எல்லா அணுக்கருக்களும் தற்சுழற்சி கொண்டவை. அவை இலத்திரனின் நிலையைக் கலைக்கின்றன. இந்த வேறுபாட்டின் காரணமாகவே நானோகுழாய்ப் புள்ளிகள் தற்சுழற்சிக் குவாண்டம் பிட்டுகளுக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. எனினும் மின்வாய் இணைப்புகளின் தரம் கருவிக்குக் கருவி மாறுபடுவதும், குழாய்களை விரும்பிய இடத்தில் ஒரே வகையாக வளர்ப்பது கடினமாக இருப்பதும் நடைமுறைப் பயன்பாட்டுக்குத் தடைகளாக உள்ளன.