மேடைப் பேச்சும் அரசியலமைப்பும்

அரசியற் தலைவர் மேடையிலே மெய்யே பேசல்வேண்டுமென நமது அரசியலமைப்பு விதிக்கின்றதா? கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களில் இது வெறும் ஏட்டு வினாவன்று. 2024 மே தினத்தில், கொட்டகலை மேடையிலே, அந்நாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாட்சம்பளம் 1,700 ரூபா என அறிவித்தார், வர்த்தமானியும் வெளிவந்தது. கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. ஜூலையில் உயர் நீதிமன்றம் வர்த்தமானியை இடைநிறுத்திற்று. செப்டெம்பரில் நிருணயமானது 1,350 ரூபா. வழக்கிற்பட்டது வர்த்தமானியின் சட்டவலுவேயன்றி, மேடைப் பேச்சின் வாய்மையன்று.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலுள்ள பதவிச் சத்தியம் கடமையை விசுவாசமாகப் புரிதலைக் கூறும்; மெய்யுரைத்தலைக் கூறாது. 14ஆம் உறுப்புரை பிரசைகட்குப் பேச்சுரிமை வழங்கும். பாராளுமன்றத்துட் பேசியதை எந்நீதிமன்றமும் வினவலாகாதென 1953ஆம் ஆண்டின் சிறப்புரிமைச் சட்டம் அரணிடும்.

பொய்க்குத் தண்டனை தேர்தற் களத்தில் உண்டு. வேட்பாளரொருவரின் சொந்த ஒழுக்கம்பற்றிப் பொய்க்கூற்று வெளியிடுதலை 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் ஊழற் செயலென்கிறது. வென்றவர் ஆசனமும் பறிபோகலாம். 2010இல் இங்கிலாந்திலே பில் வூலாஸ் என்பாரின் தேர்தல் இத்தகைய விதியாலேயே செல்லாதாயிற்று. போட்டியாளரின் மானத்தைக் காக்கும் இவ்விதி, விந்தையாக, தொழிலாளியின் கூலியைக் காப்பதில்லை. நிறைவேறாத வாக்குறுதி, அக்காரணத்தால் மட்டும், சட்டத்தின்முன் பொய்யாகாது.

2015இற் சேர்ந்த 14அ உறுப்புரை தகவலறியும் உரிமையைத் தந்தது. அதன்வழி தொழிலாளி கேட்கக்கூடியது தலைவரின் மெய்யையன்று; அவர் அறிவிப்பின் பின்னே அமைச்சிற் கிடக்கும் கோப்பினை.