வாவலின் ஏடு

திருக்கோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவை அந்தி கவியும் வேளையிலே, எங்கள் பாடசாலை மருதமரத்திலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்து செல்லும். 2020ஆம் ஆண்டிலே, கொள்ளைநோய்க்கு அஞ்சிய அயலார் சிலர் அம்மரத்தைத் தறித்துவிட வேண்டுமென விண்ணப்பம் ஒன்றை எழுதி என்னிடம் கொணர்ந்தனர். சந்திப்பிழை களைந்து கொடுத்தேன், கையொப்பமும் இட்டேன்.

வாவல் என்பது வௌவாலின் பழம்பெயர். வாவுதல் என்றால் தாவுதல். பெயரை ஆராய்ந்த யான் அப்பெயருடைய உயிரை ஆராய்ந்தேனில்லை. விலங்கியல் பயின்ற என் பழைய மாணவி ஒருத்தி செய்தியறிந்து வந்து, "பண்டிதர் ஐயா, ஏட்டை ஒப்புநோக்காமல் பாடம் கொள்ளலாமா?" என்று வினவினாள்.

அவள் கூறியது இது. 1948இல் தமிழ்நாட்டு மேகமலையிலே ஆங்கஸ் ஹட்டன் என்பார் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது வேறோர் இனத்தின் பெயரால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திலே கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை மீள நோக்கி, புதியதொரு பேரினமே எனத் தெளிந்து, பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய அவ்வுயிர் இருபத்துநான்கு ஆண்டுகள் பிறர் பெயரிலே கிடந்தது!

அன்று பல்லையும் எலும்பையும் நோக்கினர். இன்று மரபேட்டையும் வாசிக்கின்றனர். அவ்வேட்டின் எழுத்துகள் நான்கே. ஆயினும் ஒரு வௌவாலின் ஏடு ஏறத்தாழ 200 கோடி எழுத்துகள் நீளும். முழுவதையும் ஒருங்கே வாசித்தல் இயலாது. ஆதலின் துணுக்குகளாக வாசித்து, ஒன்றன் ஈறும் மற்றொன்றன் முதலும் பொருந்துமிடம் கண்டு, கணினியாற் கோத்தெடுக்கின்றனர். செல்லரித்த சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் செய்ததும் இதுவன்றோ?

அவ்வாறு ஆறு வௌவாலினங்களின் ஏடுகள் அதே 2020இல் செப்பமாக வெளிவந்தன. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் சில அவற்றிடம் அழிந்துபோயின என்பது தெரிந்தது. வைரசுகளைத் தாங்கியும் அவை நோயுறாதிருத்தற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பர். நாம் அஞ்சிய உயிரின் ஏட்டிலேதான் நமக்குரிய மருந்தின் குறிப்பும் இருத்தல் கூடும்.

இலுப்பை விதையைத் தொலைவிலே தூவுவதும் இலவம்பூவிலே மகரந்தம் சேர்ப்பதும் இந்த வாவல்களே. இதனையும் அவளே எனக்கு நினைவூட்டினாள். ஆசிரியன் மாணவியிடம் பாடங்கேட்பதில் இழுக்கில்லை.

சந்திப்பிழையைக் கண்ட கண் பொருட்பிழையைக் காணவில்லையே என நாணினேன். மறுநாளே இட்ட கையொப்பத்தை மீட்டுக்கொள்வதாக வேறொரு விண்ணப்பம் எழுதினேன். அதற்குள் மூன்று கிளைகள் வீழ்ந்துவிட்டன. எஞ்சிய கிளைகளிலே வாவல்கள் இன்றும் தொங்குகின்றன. அந்தியிலே அவை எழும்போது எண்ணிப் பார்க்கிறேன், கூட்டம் முன்போல் பெரிதாயில்லை.