கையெழுத்துக்கு முந்தைய நாட்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் அடுப்பு எரிவதில் பெரும்பங்கு வண்டித் தொழிலுக்கு உண்டு. அதனால் வண்டிச் சந்தை தும்மினால் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காய்ச்சல் வருகிறது. 2019 செப்டம்பரில் லாரி விற்பனை சரிந்தபோது, அசோக் லேலண்ட் தன் ஓசூர் ஆலைகளுக்கு ஐந்து நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. போச்சம்பள்ளி அருகே பெரிய ஆலை நடத்தும் ஓலா எலெக்ட்ரிக், நாடு தழுவிய அளவில் ஆட்களைக் குறைக்கிறது என்ற செய்தி 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் வந்தது. மின்வண்டிக்கு பிஸ்டனும் தேவையில்லை, சைலன்சரும் தேவையில்லை. அவற்றைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தச் சூழலில் தொழிலாளி முதலில் அறிய வேண்டியது ஒன்று. நிர்வாகத்தால் நீக்கப்பட்டவருக்குச் சட்டம் பல பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. தானாக விலகியவருக்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. வேலை போகும் தேதியைக் காட்டிலும், தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய சில நாட்களில்தான் பெரும்பாலானவை தீர்மானமாகின்றன.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஓராண்டு தொடர்ச்சியாக, அதாவது 12 மாதத்தில் 240 நாள், வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்பது பொது விதி. அதை மீறினால் நிர்வாகம் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கு முன்னுரிமை. புதிதாக வந்திருப்பது மறுதிறன் நிதி: 15 நாள் சம்பளத்துக்கு ஈடான தொகையை நிர்வாகம் அதில் செலுத்த, அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்ற ஒரு வரியில் இவை அத்தனையும் கரைந்துவிடும், ஏனென்றால் விருப்ப விலகலை ஆட்குறைப்பாகச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஈ.எஸ்.ஐ.யின் அடல் திட்டத்தில் கிடைக்கும் வேலையிழப்புப் படிகூட விருப்ப ஓய்வில் போனவருக்குக் கிடையாது. 2003-இல் ஏ.கே. பிந்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது: விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிய பிறகு உறவு முறிந்துவிடுகிறது, பழைய சம்பள உயர்வைக் கேட்கும் உரிமையும் அதோடு போய்விடுகிறது.

வி.ஆர்.எஸ். எனப்படும் விருப்ப ஓய்வுப் பணம் சட்டப்படியான 15 நாள் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம், அதை எதற்கு மறுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் பல மடங்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியா உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் பேச்சுவார்த்தை ஓராண்டு இழுத்தது. 2022 மே இறுதியில் வேலைநிறுத்தமும் நடந்தது. நிர்வாகம் ஓராண்டுப் பணிக்குச் சராசரி 115 நாள் சம்பளம் என்று சொன்ன தொகை, கடைசியில் சுமார் 140 நாளுக்கு உயர்ந்தது. தனித்தனியே மனிதவளத் துறை அறைக்குள் போய் மறுநாளே கையெழுத்திட்டிருந்தால் அந்த உயர்வு வந்திருக்காது. ஆகவே வி.ஆர்.எஸ். கூடாது என்பதல்ல என் வாதம். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சங்கம் போடும் ஒப்பந்தமாக, தொழிலாளர்கள் இன்றும் 12(3) என்று பழைய பிரிவு எண்ணால் அழைக்கும் அந்த ஒப்பந்தமாக, அது வர வேண்டும்.

பிரிட்டனில் ஓரிடத்தில் 20 பேரோ அதற்கு மேலோ நீக்குவதானால் குறைந்தது 30 நாள், 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாள் முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்தாலோசிக்க வேண்டும். நம் சட்டத்தில் அந்த நேரடிக் கடமை இல்லை. ஆனால் வேறு சில கதவுகள் உண்டு. வேலைப் பறிப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர, உற்பத்தி முறை மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சங்கங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இதைத்தான். புதிய உற்பத்தி லைன் வந்து இறங்கும்போதே எதிர்ப்பைப் பதிவு செய்து தொழில் தாவா எழுப்பிவிட்டால், சமரசப் பேச்சு முடியும்வரை அந்தத் தாவாவோடு தொடர்புடைய பணி நிலைமைகளை நிர்வாகம் பாதகமாக மாற்ற முடியாது. 300 பேருக்குக் குறையாத ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும், தொழிலாளர் தரப்பையும் கேட்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 100. விண்ணப்பித்து 60 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். எனவே அந்த 60 நாளில் சங்கம் தூங்கக் கூடாது. கோபத்தில் திடீரென வேலையை நிறுத்துவதும் ஆபத்து. 14 நாள் நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதற்குப் பெயர் வேலைநிறுத்தம்தான்.

பயிற்சித் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி நிலைமை மோசம். சட்டப்படிப் பதிவான அப்ரண்டிஸுக்கு இந்த ஆட்குறைப்புப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் 'டிரெய்னி' என்று அட்டை மாட்டிவிட்டு முழு உற்பத்தி வேலை வாங்கினால், பதவிப் பெயரைவிட்டு உண்மையான வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் கைகொடுக்கலாம். இந்த இரண்டு வழிக்கும் சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, ஷிப்ட் அட்டவணை ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். கேட் பாஸ் முடக்கப்பட்ட பிறகு அவற்றைத் தேட முடியாது. மிரட்டி விலகல் கடிதம் வாங்கப்பட்டிருந்தால், அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நிர்வாகத்துக்கு மறுப்பு எழுதி, தொழிலாளர் அலுவலருக்கும் நகல் அனுப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்து எழுதும் மறுப்பை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள்.

சட்டத்தை இறுக்கினால் ஆலைகள் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிப் பக்கம் போய்விடும் என்ற பேச்சு ஓசூரில் புதிதல்ல. ஆட்குறைப்புச் சட்டம் மத்திய சட்டம். எல்லையின் இரு பக்கமும் அதுதான். முன் அனுமதி கேட்பது தொழில் நடத்தும் உரிமையைப் பறிக்கிறது என்ற வாதத்தையும், மீனாட்சி மில்ஸ் வழக்கில் 1992-இலேயே உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஏற்க மறுத்துவிட்டது. வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் ஆகும் என்ற மனக்குறையை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. அதனால்தான் வேலை போவதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது. எல்லையில் உண்மையான சிக்கல் வேறு: ஆட்குறைப்புக்குப் பதிலாகக் கர்நாடக ஆலைக்கு இடமாற்ற உத்தரவு வரலாம். 480 நாள் சட்டம் எல்லை தாண்டாது. எனவே நிரந்தரக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர், நியமன ஆணையில் வெளிமாநில இடமாற்றத்துக்கு இடமிருக்கிறதா என்று சங்கத்திடம் காட்டிப் பார்த்த பிறகே புதிய இடத்தில் போய்ச் சேர வேண்டும். மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வரக்கூடும் என்பதால், அந்த ஆலோசனையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கால வரம்பையும் மறக்கக் கூடாது: நீக்கப்பட்ட பிறகு தனிநபராகத் தாவா எழுப்ப முன்பு மூன்றாண்டு இருந்தது. இப்போது இரண்டே ஆண்டுதான்.