சிறுவர் இல்லத்தின் வாசலுக்குள்: பிள்ளையை அனுப்பும் முன் அறிய வேண்டியவை



ஒரு குடும்பம் தன் மண்ணை விட்டுப் பெயரும்போது எழும் முதற் கேள்விகளுள் ஒன்று, "பிள்ளைகளை என்ன செய்வது?" என்பதாகும். காணி இல்லை, வீடு இல்லை, பாடசாலை தூரமாகிவிட்டது. அவ்வேளையில் யாராவது வந்து, "ஓர் இல்லம் இருக்கிறது, வெளிநாட்டார் நடத்துகிறார்கள், சாப்பாடும் படிப்பும் இலவசம்" என்று சொன்னால் மறுப்பது எளிதல்ல.

பன்வில, மடுல்கலை, வத்தேகமப் பகுதிகளில் இக்கேள்வி பழையது. 1983 ஆடிக் கலவரத்தில் மலையகக் குடும்பங்கள் பல வடக்கே சென்றன. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய தெல்தெனியவும் சுற்றியிருந்த வயல்களும் நீருக்குள் போயின. விவசாயக் குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கும் வேறிடங்களுக்கும் பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் மீண்டும் வீடுகளை அழித்தன. ஒவ்வொரு முறையும் பிள்ளைகளை இல்லங்களுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தே தீருகின்றது.

ஆகவே ஒரு சிறுவர் இல்லம் எப்படி நடக்கின்றது, அதனால் எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம். இல்லங்களைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவற்றில் உழைப்பவர்களின் தியாகத்தை நாம் அறிவோம். ஆனால் நன்றாக நடக்கும் இல்லங்கூட குடும்பத்துக்கு ஈடாகாது என்பதை அவ்வுழைப்பாளரே முதலில் ஒப்புக்கொள்வர்.

இல்லத்தில் ஒரு நாள்

முப்பது பிள்ளைகள் உள்ள ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். ஏழு மணிக்குள் முப்பது பேரும் முகம் கழுவி, தலை வாரி, சாப்பிட்டு, சீருடையோடு பாடசாலைக்குப் புறப்பட வேண்டும். மழை நாளில் மலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கலங்கிவிடும். அதைத் தெளியவைத்துக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்க முடியாது. ஒருவருக்குத் தலையில் பேன் வந்தால் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் வரும். சிரங்கும் காய்ச்சலும் அப்படியே.

ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 கிராம் அரிசி என்று வைத்தாலும், இரு வேளைக்கு முப்பது பேருக்கு நாளொன்றுக்கு 7 கிலோவுக்கு மேல் வேண்டும். மாதத்துக்கு 200 கிலோவைத் தாண்டும். அதற்குமேல் பருப்பு, மரக்கறி, கருவாடு, தேங்காய், விறகு அல்லது எரிவாயு, சவர்க்காரம், மின்கட்டணம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் தரும். சப்பாத்து, அப்பியாசக் கொப்பி, தையற் கூலி ஆகியவை இல்லத்தின் தலையில் விழும்.

இவற்றைவிடப் பெரிய பிரச்சினை ஆட்கள். ஒரு வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள் உண்டு. ஒருவர் வாரத்துக்கு 45 மணித்தியாலம் வேலை செய்தால், பிள்ளைகளுக்கு அருகில் இரவும் பகலும் ஒரே ஒருவரை வைத்திருக்கவே ஏறத்தாழ நால்வர் தேவை. சம்பளம் குறைவாக இருப்பதால் பராமரிப்பாளர்கள் நிலைப்பதில்லை. இன்று "அக்கா" என்று ஒட்டிக்கொண்ட பிள்ளை ஆறு மாதத்தில் வேறொருவரை "அக்கா" என்று அழைக்க வேண்டியதாகின்றது. இரவில் படுக்கையை நனைத்துவிட்டு அழும் பிள்ளையிடம் எழுந்து வருபவர் யார் என்பதே ஓர் இல்லத்தின் தரத்தை அளக்கும் கோல் ஆகும். கட்டடத்தின் அழகு அதற்குப் பின்புதான்.

வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு மனிதரும்

எமது நாட்டில் பல இல்லங்கள் வெளிநாட்டு உதவியில் நடக்கின்றன. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் இவை மேலும் பெருகின. நல்லெண்ணத்தோடு வருபவர்கள் பலர். ஆனால் பிற தேசத்தில் ஓர் இல்லத்தை நடத்துவது எளிதன்று. விசாவைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். அலுவலகக் கடிதங்கள் சிங்களத்தில் வரும். பிள்ளை பேசுவது தமிழ். கணக்கு அறிக்கை ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ போக வேண்டும். பிள்ளையின் வயிற்றுவலி மூன்று வாய் மாறித்தான் பொறுப்பாளரின் காதுக்கு எட்டும்.

கொடையாளர்கள் கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் மனமுவந்து கொடுப்பார்கள். அவற்றைப் படம் பிடித்துக் காட்டலாம். சமையற்காரியின் சம்பளத்தைப் படம் பிடிக்க முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலரின் பெறுமதி சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. வெளிநாட்டுப் பணம் ரூபாவில் கூடியதுபோல் தோன்றிற்று. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தன. உள்ளூர்க் கொடைகளை நம்பியிருந்த இல்லங்களின் நிலை அதைவிடக் கடினமாகும். தூர தேசத்தில் ஒரு கொடையாளர் மனம் மாறினால் இங்கே முப்பது பிள்ளைகளின் பானை காலியாகும் என்பதை மறக்கலாகாது.

நெடுங்காலம் நிலைத்த இல்லங்களும் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901இல் திருநெல்வேலிப் பகுதியில் உள்ள டோனாவூரில் தங்கி, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் அபாயத்திலிருந்த சிறுமிகளுக்குப் புகலிடம் அமைத்தார். தமிழைக் கற்றார், பிள்ளைகள் அவரை "அம்மா" என்றே அழைத்தனர். தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1951இல் அங்கேயே மறைந்தார். ஹெர்மன் மைனர் என்பவர் 1949இல் ஒஸ்ரியாவின் இம்ஸ்ட் நகரில், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமத்தைத் தொடங்கினார். பெரிய மண்டபத்துக்குப் பதிலாகச் சிறு வீடுகள், வீட்டுக்கு ஒரு தாய், சில பிள்ளைகள் என்பது அவரது முறை. 1980களின் தொடக்கத்தில் அது பிலியந்தலையிலும் வந்தது. இவ்விரண்டிலிருந்தும் தெரிவது யாதெனில், பிள்ளைக்கு நிலைத்து நிற்கும் ஓர் ஆளும் அவளோடு பேசக்கூடிய மொழியும் தேவை என்பதாகும். மூன்று வாரம் வந்து விளையாடிவிட்டு அழுதுகொண்டு விடைபெறும் இளைஞர்களால் இது நிறைவேறாது.

பிள்ளையின் மனம்

உருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்டில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பங்களுக்குச் சென்றவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன் சென்றவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பிணைந்து பழகுவதிலும் இல்லங்களில் இருந்தவர்களைவிட நன்றாக வளர்ந்தனர். அங்கிருந்த இல்லங்கள் நமது இல்லங்களைவிட மோசமானவை என்பது உண்மை. எனினும் குழந்தைக்குச் சோற்றோடு, தன்னைத் தனியாக அறிந்த ஒரு மடியும் வேண்டும் என்ற பாடம் எங்கும் ஒன்றே.

எமது நாட்டு இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றார். அவர்களை அங்கே சேர்த்தது பெரும்பாலும் வறுமை, பிரிவு, தாயின் வெளிநாட்டு வேலை, பாடசாலையின் தூரம் ஆகியவையே. ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்ற வழிகாட்டல்கள் மூன்று காரியங்களைத் தெளிவாகச் சொல்கின்றன: வறுமை ஒன்றை மட்டும் காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, உடன்பிறந்தவர்களைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் குடும்பச் சூழலிலேயே வளர வேண்டும்.

கையொப்பம் என்னும் ஆபத்து

1980களில் எமது நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவற்றுட் சில பொய்ப் பத்திரங்களோடு நடந்தன; ஏழைத் தாய்மாரின் அறியாமை தரகர்களுக்கு வியாபாரமாயிற்று. 1992இல் சட்டம் இறுக்கப்பட்டது. 2020இல் சுவிற்சர்லாந்தில் வெளியான ஆய்வு, 1973க்கும் 1997க்கும் இடையில் அந்நாட்டுக்கு மட்டும் 881 இலங்கைக் குழந்தைகள் சென்றதைக் காட்டிற்று. 2021இல் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகள் இன்று இங்கே வந்து பெற்ற தாயைத் தேடுகின்றனர். கையிலுள்ள பெயரும் ஊரும் பொய்யென்று அறிந்து திரும்பியோரும் உண்டு. வாசித்து விளங்காத தாளில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்கலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

சட்டம் சொல்வது

சிறுவர் இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1941ஆம் ஆண்டு அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள நியதி. 1987இல் மாகாண சபைகள் வந்தபின் இப்பொறுப்பு மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்கு உரியதாயிற்று. பராமரிப்புத் தேவையான பிள்ளையை நீதவான் நீதிமன்றம் உறவினரிடமோ தகுதியான வேறொருவரிடமோ ஒப்படைக்கவும் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. பாட்டியோ சித்தியோ பிள்ளையை ஏற்க முன்வந்தால் இல்லத்தை நாடுமுன் அவ்வழியைப் பற்றி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உள்ளார். உதவிப்பணம், அஸ்வெசும, தொலைந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஆகியவற்றுக்கு அங்கேதான் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு எங்காவது தீங்கு நேர்ந்தால் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

அனுப்பியே ஆக வேண்டுமானால்

பாதுகாப்புக்காக இல்லத்தைத் தவிர வேறு வழியில்லாத நிலையும் உண்டு. அப்போது இவற்றைக் கேளுங்கள்:

1. இல்லம் பதிவு செய்யப்பட்டதா? பதிவுப் பத்திரத்தைக் காட்டுவார்களா?

2. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பராமரிப்பாளர்? இரவில் உடன் இருப்பவர் யார்? அவருக்குத் தமிழ் தெரியுமா?

3. அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒன்றாக இருக்க முடியுமா?

4. எந்நாளில் வந்து பார்க்கலாம்? விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்புவார்களா? பார்க்க வரக்கூடாது என்று சொல்லும் இல்லத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

5. பிள்ளையின் சமயமும் மொழியும் காக்கப்படுமா?

6. பிள்ளையை எப்போது திரும்ப வீட்டில் சேர்ப்பது என்று திட்டம் உண்டா? பதினெட்டு வயதானதும் என்ன ஏற்பாடு?

மூலப் பத்திரங்களைக் கொடுத்துவிடாமல் பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் கேட்டால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடும்பத்தின் படம் ஒன்றைப் பிள்ளையோடு அனுப்புங்கள். முகவரி மாறினால் உடனே இல்லத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். இடம்பெயர்ந்த குடும்பம் மீண்டும் மீண்டும் இடம் மாறுவதால் பிள்ளையோடு தொடர்பு அறுந்துபோவதே மிகச் சாதாரணமாக நடக்கும் துயரமாகும். மாதம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பஸ் காசு இல்லாவிட்டால் பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து முறை வைத்துப் போங்கள். ஒருவர் போய் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து வரலாம்.

உதவ வரும் நண்பர்களிடமும் நாம் ஒன்று கேட்கின்றோம். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்க மாதந்தோறும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி, ஒரு தாயின் கையில் கறவைப் பசுவாகவோ தையல் இயந்திரமாகவோ பாடசாலைக்குப் போக பஸ் காசாகவோ போய்ச் சேர்ந்தால், பல பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பர். புதிய காணியில் முதல் விளைச்சல் வரும்வரை தாக்குப்பிடிக்க உதவுவதும் சிறுவர் பராமரிப்பே ஆகும். எமது ஊர்ச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும்: நமது கிராமத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் இல்லங்களில் இருக்கின்றார்கள், அவர்களுள் யாரை இவ்வாண்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம்?