பெருநகரின் நடுவே ஒரு ‘பெரிய பள்ளி’

பொருள் தேடியும், உறவினரைக் காணவும், ஊர் சுற்றிப் பார்க்கவும் சிங்கப்பூருக்குச் செல்லும் நம் சகோதரர்கள் ஏராளம். வானளாவிய கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் கண்டு வியந்து, கை நிறையப் பொருள்களுடன் அவர்கள் திரும்புகின்றனர். ஆனால் அக்கட்டடங்களின் அருகிலேயே, நம் முன்னோர் எழுப்பிய இறையில்லம் ஒன்று இரு நூற்றாண்டுகளாக நிமிர்ந்து நிற்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

அதுவே சவுத் பிரிட்ஜ் சாலையில் அமைந்துள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். ‘பெரிய பள்ளி’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு.

ஏழே ஆண்டுகளில்...

ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்தது 1819-ஆம் ஆண்டில். சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலம் ஏறிச் சென்ற தமிழ் முஸ்லிம்கள், அங்கே ‘சூலியாக்கள்’ என்று அழைக்கப்பட்டனர். வணிகம் செய்தவர்களும் நாணயம் மாற்றியவர்களும் அவர்களுள் இருந்தனர். அன்சார் சாகிபு என்பவரின் தலைமையில் 1826-ஆம் ஆண்டிலேயே அவர்கள் இப்பள்ளியை நிறுவிவிட்டனர்! இன்று நாம் காணும் கட்டடம் 1830-க்கும் 1835-க்கும் இடையில் எழுந்தது. தெலுக் ஆயர் தெருவில் அல்-அப்ரார் பள்ளியும் நாகூர் தர்காவும் அதே காலத்தை ஒட்டித் தோன்றியவையே. ஓலைக் குடிலாகத் தொடங்கியதால் அல்-அப்ரார் பள்ளிக்குக் ‘குச்சுப் பள்ளி’ என்னும் பெயர் வழங்கிற்று.

சிந்தித்துப் பாருங்கள். குடும்பத்தைப் பிரிந்து, கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்கள் அவர்கள். ‘முதலில் நாம் நிலைபெறுவோம், பள்ளியைப் பிறகு பார்ப்போம்’ என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

வாயில் சாலையை நோக்கி, தொழுகை கிப்லாவை நோக்கி

பள்ளியின் முகப்பில் எண்கோண வடிவில், ஏழு நிலைகளுடன் இரு மினாராக்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் இடையே சின்னஞ்சிறு கதவுகளும் சாளரங்களும் கொண்ட சிற்றரண்மனை போன்ற முகப்பு. அதில் தென்னிந்தியக் கைவண்ணம் தெரிகிறது. உள்ளே தொழுகைக் கூடத்திலோ ஐரோப்பியப் பாணித் தூண்கள்!

நீங்கள் அங்குச் சென்றால் ஒன்றைக் கவனியுங்கள். வெளிவாயில் சாலையின் போக்கோடு நேராக நிற்கிறது. தொழுகைக் கூடமோ அதனின்று விலகிச் சாய்வாக அமைந்துள்ளது. கட்டியவர்களின் பிழையன்று இது. வாயில் தெருவைப் பார்க்க, கூடம் கிப்லாவைப் பார்க்கிறது. ஊரோடு ஒத்து வாழ்வதற்கு ஒரு முகம்; இறைவனை வணங்குவதற்கு ஒரே திசை. கடல் கடந்து வாழும் முஸ்லிமின் வாழ்க்கை முறையை இதைவிட அழகாக யார் சொல்லிவிட முடியும்?

அப்பள்ளியிலிருந்து சில எட்டு நடந்தால், 1827-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். இரண்டும் இருப்பதோ சீனர்கள் மிகுந்து வாழ்ந்த சைனாடவுன் பகுதி. பள்ளியை ஒட்டிய தெருவுக்குப் ‘பள்ளிவாசல் தெரு’ என்று பொருள்படும் மாஸ்க் ஸ்ட்ரீட் என்பதே பெயர். 1974-ஆம் ஆண்டில் இப்பள்ளியைத் தேசிய நினைவுச் சின்னமாக அரசு அறிவித்தது.

காட்சிக்கூடம் அன்று

எனினும் இது வெறும் நினைவுச் சின்னமாகிவிடவில்லை. வெளியே வாகனங்கள் விரைய, உள்ளே ஐவேளைத் தொழுகை நடைபெறுகிறது. தமிழில் ஜும்ஆப் பேருரை ஒலிக்கிறது. படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும் சுற்றுலாப் பயணியாக நீங்கள் அங்கே செல்லாதீர்கள். ஒளுச் செய்து, பள்ளிக் காணிக்கையாக இரண்டு ரக்அத் தொழுங்கள். பெயர் தெரியாமல் மறைந்துபோன அந்த முன்னோருக்காகவும் கையேந்துங்கள்.

வெளிநாட்டில் பணிபுரியும் உங்கள் மகனுக்குக் கடிதம் எழுதும்போது, சம்பளத்தைக் கேட்கும் முன், ‘தங்கியிருக்கும் இடத்தருகே பள்ளி உண்டா?’ என்று கேளுங்கள். அவர்கள் ஏழே ஆண்டுகளில் ஒரு பள்ளியைக் கட்டினார்கள். கட்டிவைத்த பள்ளிக்குச் செல்வதற்கேனும் நமக்கு நேரம் இருக்க வேண்டாமா?

அந்த நல்லோரின் பணியை அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.