மூளையில் ஒரு முத்துக்குளிப்பு!

தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டு. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மில்லர்புரத்தில் இருந்தால், இன்று அவர்கள் தாத்தா, பாட்டிகள். சிப்பிகளை அள்ளி வந்து கரையில் குவிப்பார்கள். அவை அழுகியதும் கழுவிக் கழுவித் தேடுவார்கள். அத்தனை சிப்பியிலும் நல்ல முத்து கிடைப்பது சிலவற்றில்தான்.

விஞ்ஞானிகளும் இப்படி ஒரு தேடலில் இறங்கினார்கள். அவர்கள் தேடிய இடம் மனித மூளை! அதில் ஆயிரக்கணக்கான வகைப் புரோட்டீன்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் பிடிப்பது எப்படி? அதற்குக் கை கொடுத்தது ஒரு சுண்டெலி!

தாயின் குற்றம் அல்ல

நம் உடம்பின் செல்களில் சாதாரணமாக 46 குரோமோசோம்கள் உண்டு. தாய் கொடுப்பது 23. தந்தை கொடுப்பது 23. சில குழந்தைகளுக்கு 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். மொத்தம் 47. இதுதான் டவுன் சிண்ட்ரோம். 1959-ல் பாரிஸ் நகர டாக்டர்கள் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள்.

பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால் இது நேருகிறது. கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததாலும் அல்ல. எதையோ தின்றதாலும் அல்ல. மருமகளைத் திட்டும் மாமியார்கள் இதைக் கவனிக்கவேண்டும்!

அந்த 21-வது குரோமோசோமில் ஒரு ஜீன் இருக்கிறது. அது ஏ.பி.பி. என்ற புரோட்டீனைச் செய்கிறது. ஜீன் மூன்று இருந்தால் புரோட்டீனும் அதிகம். இந்தப் புரோட்டீனிலிருந்து அறுபடும் சிறு துண்டின் பெயர் பீட்டா அமிலாய்டு. அது மூளையில் திட்டுத் திட்டாகப் படியும். மறதி நோயான அல்சைமர் நோயிலும் இதே படிவுதான்.

1984-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வாங் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். அல்சைமர் நோயால் இறந்தவர் மூளையிலும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் மூளையிலும் இருந்தது ஒரே பொருள்! டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் 40 வயதுக்குள் இந்தப் படிவு வந்துவிடுகிறது.

மூன்றாவது ஜீன்தான் காரணமா? 1998-ல் ஓர் அபூர்வச் செய்தி வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மூதாட்டி 78 வயது வரை மறதி நோய் இல்லாமல் வாழ்ந்தார். சோதித்தபோது, அவருக்கு ஏ.பி.பி. ஜீன் எல்லோரையும்போல் இரண்டே இருந்தது!

சுண்டெலி தந்த தூண்டில்

அன்னியப் பொருள் உடம்பில் நுழைந்தால், உடம்பு அதைப் பிடிக்க எதிர்ப்பொருளைச் செய்யும். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல ஒவ்வொன்றும் தனக்குரிய பொருளைத்தான் பிடிக்கும். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் இருவரும் ஒரு யுக்தி செய்தார்கள். எதிர்ப்பொருள் செய்யும் சுண்டெலிச் செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லுடன் இணைத்தார்கள். ஒரே வகை எதிர்ப்பொருள் ஊற்றாகச் சுரந்தது! 1984-ல் நோபல் பரிசும் வந்தது.

அமிலாய்டைப் பிடிக்க இப்படிச் செய்தவற்றுள் புகழ்பெற்றது '6ஈ10'. மூளையை மெல்லிய சீவலாக்கி, அதன்மேல் இதை விடுவார்கள். இது ஒட்டிய இடம் சாயத்தில் நிறம் மாறித் தெரியும்.

ஆனால் ஒரு சங்கடம்! 6ஈ10 அறுபட்ட துண்டையும் பிடிக்கும். அறுபடாத முழுப் புரோட்டீனையும் பிடிக்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்தால் ஆராய்ச்சியே தடம் புரளும். அதனால் அறுபட்ட முனையை மட்டும் பிடிக்கும் வேறு எதிர்ப்பொருளையும் வைத்துச் சரிபார்ப்பார்கள்.

மருந்து வந்தது, ஆனால்...

2023-ல் அமெரிக்காவில் லெக்கனமாப் என்ற மருந்துக்கு முழு அனுமதி கிடைத்தது. இதுவும் ஓர் எதிர்ப்பொருள்தான். மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றுகிறது. ஆரம்பநிலை அல்சைமர் நோய் முற்றுவதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது.

இந்த மருந்துக்கு அனுமதி பெற்றுத்தந்த சோதனைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. அமிலாய்டைக் காட்டிக்கொடுத்ததில் அவர்களுடைய மூளைக்கும் பங்கு உண்டு! இருந்தும் மருந்து வந்தபோது அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கு மூளையின் ரத்தக் குழாய்களிலும் அமிலாய்டு படிகிறது. மருந்து கொடுத்தால் ரத்தம் கசியுமோ என்ற அச்சம் டாக்டர்களுக்கு இருக்கிறது. ஆகவே அவர்களுக்கென்று தனிச் சோதனை தேவைப்படுகிறது.

வீட்டில் நாற்பதை நெருங்கும் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பழகிய வேலையை மறக்கிறதா? அடம் என்று அதட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும். தைராய்டு குறைவாலும் காது மந்தத்தாலும்கூட அப்படித் தோன்றலாம். அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது.